ஜப்பானியத் தேநீர்க் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியோட்டோவில் தேநீர்க் கலை படிக்கிறேன் என்று சொன்னால் போதும். ஊரிலிருந்து வரும் உறவினர், உடன் வேலை பார்க்கும் நண்பர்கள், வாட்ஸாப் குழு என்று எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். என் ஆசிரியை உராசென்கே மரபைச் சேர்ந்தவர். அதனால் செய்முறை பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த மரபுப்படி. மற்ற மரபுகள் பற்றிப் பின்னால் வரும்.

ஒரு டீ குடிக்க எதுக்குங்க நாலு மணி நேரம்?

டீக்கு மட்டும் அவ்வளவு நேரம் ஆகாது. நான்கு மணி நேரம் என்பது ‘சாஜி’ என்ற முழு விருந்து. குளிர்காலப் பகல் விருந்தில் வரிசை இப்படிப் போகும்: விருந்தினர் கண்முன்னே அடுப்பில் கரி அடுக்குவார்கள். அப்புறம் ‘கைசெகி’ என்ற சாப்பாடு, ஓர் இனிப்பு, தோட்டத்தில் சிறிய இடைவேளை. திரும்ப உள்ளே வந்ததும் ‘கொய்ச்சா’ என்ற கெட்டித் தேநீர். மறுபடி கரி. கடைசியில்தான் ‘உசுச்சா’ என்ற நீர்த்த தேநீர்.

சாப்பாடு நடுவில் ஏன் வந்தது என்று யோசித்தால் விஷயம் புரியும். வெறும் வயிற்றில் கெட்டித் தேநீர் குடித்தால் வயிற்றைப் புரட்டும். போட்ட கரி நன்றாகப் பற்றித் தண்ணீர் பதத்துக்கு வரவும் நேரம் வேண்டும். விருந்தினர் சாப்பிட்டு, வெளியே போய், கை கழுவி உள்ளே வரும்போது வெந்நீர் சரியாகத் தயாராக இருக்கும். நெருப்பு வைத்த கணக்கில்தான் மொத்த விருந்தும் ஓடுகிறது.

சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும், அதுவும் சுருக்கி. இனிப்பும் ஒரு கிண்ணம் தேநீருமாக முடிந்துவிடும் கூட்டத்துக்கு ‘சாகாய்’ என்று பெயர்.

சானோயு, சாதோ, ஸாதோ... எதுதான் சரியான பேரு?

மூன்றும் சரி. ‘சானோயு’ பழைய பெயர், ‘தேநீருக்கான வெந்நீர்’ என்று பொருள். மற்ற இரண்டுக்கும் ‘தேநீர் நெறி’ என்று பொருள், எழுத்தும் ஒன்றேதான், வாசிப்பு மட்டும் வேறு. உராசென்கேக்காரர்கள் சாதோ என்பார்கள், ஒமோதெசென்கேக்காரர்கள் ஸாதோ என்பார்கள். தேநீர் தயாரித்துக் கொடுக்கும் செய்முறைக்கு ‘தெமாஎ’ என்று பெயர். நாங்கள் வகுப்பில் மாதக்கணக்கில் திட்டு வாங்கிக்கொண்டு பழகுவது அதைத்தான்.

மாட்சான்னா நம்ம கிரீன் டீதானே? பால், சர்க்கரை போடக் கூடாதா?

மாட்சா என்பது இந்தக் கலையில் பயன்படும் தேயிலைப் பொடி. கிரீன் டீயோடு செடி ஒன்றுதான், வளர்ப்பும் பதமும் வேறு. மாட்சாவுக்கான செடிகளை அறுவடைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே நிழல் போட்டு மூடிவைப்பார்கள். வெயில் குறைந்தால் துவர்ப்பு குறைந்து இலையில் ஒரு குழைவான சுவை ஏறும். பறித்ததும் ஆவியில் காட்டி, சுருட்டாமல் அப்படியே உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைப்பார்கள். ஓர் எந்திரம் ஒரு மணி நேரத்தில் அரைப்பது சுமார் 40 கிராம்தான். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும். நல்ல மாட்சா விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இலையை ஊறவைத்து வடிகட்டுகிற வேலை இதில் கிடையாது, இலையையே குடிக்கிறோம்.

உசுச்சாவுக்கு ஓர் ஆளுக்கு 2 கிராம் பொடி, சுமார் 70 மில்லி தண்ணீர், நுரை வர அடிக்க வேண்டும். கொய்ச்சாவுக்குப் பொடி அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, தண்ணீரோ பாதி. அதை அடிக்க மாட்டார்கள், குழைப்பார்கள். பெயின்ட் மாதிரி இருக்கும், உண்மையாகவே. பால், சர்க்கரை கிடையாது. அதற்காகத்தான் இனிப்பை முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கடையில் மாட்சா லாட்டே குடிப்பதை ஜப்பானில் யாரும் பாவமாக நினைப்பதில்லை. என் ஆசிரியையே குடிப்பார்.

இதை எப்போ ஆரம்பிச்சாங்க? ஆயிரம் வருஷம் இருக்குமா?

டீ வந்து ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. இன்று பார்க்கும் இந்த வடிவம் வந்து நானூறு சொச்சம்தான். 815-ல் எய்ச்சூ என்ற பிக்கு சாகா பேரரசருக்குத் தேநீர் கொடுத்தார் என்று அரசவைப் பதிவு இருக்கிறது. அது சீனத்து நாகரிகத்தின் மேல் இருந்த மோகம், கொஞ்ச காலத்தில் மங்கிவிட்டது. மறுபடி அதைக் கிளப்பியவர் எய்சாய் என்ற ஜென் பிக்கு. 1191-ல் சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளையும், பொடித்து அடித்துக் குடிக்கும் சீனத்து சோங் அரச மரபுக் காலத்து வழக்கத்தையும் கொண்டுவந்தார். 1214-ல் சானெதோமோ என்ற ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) முந்தின இரவு குடித்த போதை தெளியாமல் அவதிப்பட்டபோது, எய்சாய் தேநீரோடு, தேநீரின் மருத்துவ குணம் பற்றித் தான் எழுதிய நூலையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினாராம். அதாவது ஷோகன் வீட்டுக்குள் மாட்சா நுழைந்தது தலைவலி மருந்தாக.

14-ஆம் நூற்றாண்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. ‘தோச்சா’ என்று ஒரு விளையாட்டு. பல கிண்ணம் தேநீரைக் குடித்துவிட்டு எது தொகானோ மலையில் விளைந்தது, எது வேறு ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும். தொகானோ தேயிலைக்கு ‘உண்மைத் தேநீர்’, மற்றதெல்லாம் ‘அல்லாதது’. பந்தயம், பரிசு, சாராயம், கூச்சல் எல்லாம் உண்டு. 1336-ல் வந்த கென்மு சட்டத்தொகுப்பு, தேநீர்க் கூட்டம் என்ற பெயரில் நடக்கும் சூதாட்டத்தைக் கண்டித்திருக்கிறது. தேநீர் என்றாலே அமைதி என்று நினைப்பவர்கள் இந்த நூறு வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நம்ம போதிதர்மர்தானே டீயைக் கொண்டு போனது?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. ஒரு கதை இருக்கிறது: தியானத்தில் தூங்கிவிட்ட போதிதர்மர், கோபத்தில் தன் இமைகளை அறுத்து எறிய, அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது. ஜப்பானில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வரலாறு வேறு. போதிதர்மர் சீனாவில் இருந்தது 5, 6-ஆம் நூற்றாண்டுகளில். கி.மு. 141-ல் இறந்த ஹான் பேரரசர் ஒருவரின் கல்லறைக் குழியிலேயே தேயிலை கிடைத்திருக்கிறது.

அவர் ஊர் விஷயமும் அவ்வளவு எளிதல்ல. 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகத்துப் பிக்கு என்கிறது. அடுத்த குறிப்புதான் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சிபுரம் என்பது அதிலிருந்து பிற்காலத்தில் ஊகித்தது. ஜென் வழியாகத் தேநீர்க் கலைக்கு அவர் மூதாதை என்று சொல்லலாம், அந்த அளவு போதும்.

அப்போ நமக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லையா?

இருக்கிறது, தேயிலையில் இல்லை, துணியில். சோழமண்டலக் கரையில் நெய்த, சாயமிட்ட பருத்தித் துணிகள் போர்த்துக்கீசிய, டச்சுக் கப்பல்களில் ஜப்பானுக்குப் போயின. பூவேலைத் துணிக்கு ‘சராசா’ என்றும், கோடு போட்ட துணிக்கு ‘சான்தோமெ’ என்றும் பெயர். இரண்டாவது பெயர் நம் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து வந்தது. தேநீர்ப் பிரியர்கள் சராசாவை உயிராக நினைத்தார்கள். துண்டு துண்டாகச் சேர்த்துவைத்து, பொடிச் சிமிழுக்குப் பை தைக்கவும் கிண்ணத்தைச் சுற்றிவைக்கவும் பயன்படுத்தினார்கள். பழைய சராசாத் துண்டுகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

ரிக்யூ, ரிக்யூன்னு சொல்றாங்களே, அவருதான் இதைக் கண்டுபிடிச்சாரா?

சென் நோ ரிக்யூ (1522–1591) மூன்றாவது ஆள். முதல் ஆள் முராதா ஜுகோ (1423–1502). அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் சீனத்துப் பளபளப்பான பாத்திரங்களுக்குத்தான் மதிப்பு. ஜுகோ அவற்றோடு பிஜென், ஷிகராகி போன்ற ஜப்பானியச் சூளைகளின் முரட்டு மண்பாண்டங்களையும் சேர்த்துவைத்தார். அடுத்தவர் தாகெனோ ஜோஓ (1502–1555). சகாய் துறைமுகத்து வணிகர். ரிக்யூவும் அதே ஊர், அவருடைய மாணவர், அவரும் வணிகக் குடும்பம். இந்தக் கலையை உருவாக்கியவர்கள் துறவிகளோ சாமுராய்களோ என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன். துறைமுகத்துக் கிட்டங்கி முதலாளிகள் பணமும் ரசனையும் நேரமும் வைத்துக்கொண்டு வளர்த்தது இது.

ரிக்யூ செய்தது குறைப்பது. யமாசாகியில் மியோகி-ஆன் என்ற கோயிலில் இருக்கும் ‘தாய்-ஆன்’ அறை அவர் வடிவமைத்தது என்பார்கள். தேசியப் பொக்கிஷம். இரண்டே பாய் அளவு, நம் கணக்கில் சுமார் 35 சதுர அடி. மண்சுவர், மூங்கில், சிறிய சன்னல்கள். சோஜிரோ என்ற குயவரைச் சக்கரம் இல்லாமல் கையாலேயே கிண்ணம் வனையவைத்தார். அதிலிருந்து வந்ததுதான் ‘ராக்கு’ கிண்ணங்கள். சோஜிரோ வழிவந்த ராக்கு குடும்பத்தினர் இன்றும் கியோட்டோவில் அதே வேலை செய்கிறார்கள்.

அவ்வளவு பெரிய ஆளை ஏன் தற்கொலை பண்ணிக்கச் சொன்னாங்க?

ரிக்யூ முதலில் ஓதா நொபுநாகாவிடமும், 1582-ல் அவர் இறந்தபின் தோயோதோமி ஹிதெயோஷியிடமும் தேநீர் ஆசானாக இருந்தார். வேலை டீ போடுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாலு பேர் மட்டும் உட்காரும் அறையில் யார் யாரைச் சந்திக்கலாம் என்பது அரசியல். நாட்டை ஆண்டவரின் காதருகே இருந்தவர் அவர். 1587-ல் கியோட்டோவின் கிதானோ சன்னதியில் ஹிதெயோஷி ஊருக்கே திறந்த தேநீர்த் திருவிழா நடத்தியபோது முன்னால் நின்றவர்களில் ரிக்யூவும் ஒருவர். பத்து நாள் என்று அறிவித்த விழா ஒரே நாளில் முடிந்துபோனது வேறு கதை.

1591-ல் ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ளும்படி ஹிதெயோஷி உத்தரவிட்டபோது சொன்ன குற்றச்சாட்டுகள் இரண்டு. தாய்தோகு-ஜி கோயில் வாயிலின் மாடியை ரிக்யூ தன் செலவில் கட்டிக்கொடுத்தார். நன்றிக்காகப் பிக்குகள் செருப்பணிந்த அவருடைய மரச்சிலையை மேலே வைத்தார்கள். அப்படியானால் ஹிதெயோஷியும் அந்தச் செருப்புக் காலுக்கு அடியில்தானே நடக்க வேண்டும்? இரண்டாவது, பாத்திரங்களை இஷ்டத்துக்கு விலை சொல்லி விற்றார் என்பது. உண்மைக் காரணம் என்று அரசவைப் போட்டி, கொரியப் படையெடுப்புக்கு எதிர்ப்பு என்று பலதும் சொல்கிறார்கள். என் மட்டில், அதிகாரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு காலம் உட்கார்ந்ததே போதுமான காரணம். சிலையையும் இறக்கி, ஊர்ப் பாலத்தருகே கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஒரு மண் கிண்ணத்துக்கு இவ்வளவு மரியாதையா? கொஞ்சம் ஓவரா இல்ல?

ஓவர்தான். அதற்கு வரலாறு இருக்கிறது. நொபுநாகா பேர்பெற்ற தேநீர்ப் பாத்திரங்களைப் பணம் கொடுத்தும் மிரட்டியும் சேர்த்தார். அப்புறம் நிலத்துக்குப் பதிலாக அவற்றைத் தளபதிகளுக்குப் பரிசாகக் கொடுத்தார். தேநீர் விருந்து நடத்தவே அவர் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. மாட்சுநாகா ஹிசாஹிதெ என்ற தளபதி 1568-ல் ‘த்சுகுமோ நாசு’ என்ற கத்தரிக்காய் வடிவப் பொடிச் சிமிழைக் கொடுத்து நொபுநாகாவிடம் சமாதானம் ஆனார். 1577-ல் எதிர்த்து நின்றபோது ‘ஹிராகுமோ’ என்ற கெட்டிலைக் கேட்டார்கள். தர மறுத்து, அதை உடைத்துவிட்டுச் செத்தார் என்பது கதை. அந்தச் சிமிழ் 1615-ல் ஒசாகா கோட்டை எரிந்தபோது சாம்பலில் சில்லுகளாகக் கிடைத்து, அரக்கால் ஒட்டப்பட்டு, இன்று டோக்கியோவில் செய்காதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ‘கிசாஎமோன்’ என்ற தேசியப் பொக்கிஷக் கிண்ணம், 16-ஆம் நூற்றாண்டில் கொரியாவில் பெயர் தெரியாத குயவர் ஒருவர் சுட்டது. அவர் அதை எதற்காகச் செய்திருந்தாலும், ஜப்பானில் போய்ப் பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பூட்டுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்.

உள்ளே தவழ்ந்துதான் போகணுமாமே? ராஜாவா இருந்தாலும் குனியணும், எல்லாரும் சமம்னு சொன்னாங்க.

அந்தச் சிறு வாசலுக்கு ‘நிஜிரிகுச்சி’ என்று பெயர். 66 சென்டிமீட்டர் உயரம், அதைவிடச் சற்றுக் குறைந்த அகலம். மண்டியிட்டு நகர்ந்துதான் நுழைய முடியும். சாமுராய் வாளை வெளியே சட்டத்தில் வைத்துவிட வேண்டும்.

சமத்துவம் என்பது பாதி உண்மை. உள்ளே யார் முதல் இடத்தில் உட்கார்வது என்பதில் பெரிய கணக்கு உண்டு. முதல் விருந்தினருக்கு ‘ஷோக்யாக்கு’ என்று பெயர். விருந்தளிப்பவரிடம் எல்லார் சார்பிலும் பேசுவது அவர்தான், கிண்ணம் முதலில் போவதும் அவருக்குத்தான். பெரிய மனிதர்களுக்கென்று நின்றபடி நுழைய ‘கிநின்குச்சி’ என்ற தனி வாசல் வைத்த அறைகளும் இருக்கின்றன.

ஒரு தடவை பார்த்தா அடுப்பு தரைக்குள்ளே இருக்கு, இன்னொரு தடவை மேலே இருக்கு. ஏன்?

நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை தரையை வெட்டி அமைத்த அடுப்பு, ‘ரோ’. விருந்தினருக்குச் சூடு தெரிய வேண்டும் என்று அவர்களுக்கு அருகில் இருக்கும். மே முதல் அக்டோபர்வரை தரைமேல் வைக்கும் அடுப்பு, ‘ஃபுரோ’. அது தள்ளி இருக்கும். அடுப்பு மாறினால் உட்காரும் கோணம், அகப்பை பிடிக்கும் விதம் எல்லாம் மாறும். ஆறு மாதம் பழகியதை மறந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

நவம்பர் எங்களுக்குப் புத்தாண்டு மாதிரி. வசந்தத்தில் பறித்த இலையைச் சாடியில் போட்டு, வாயில் காகிதம் ஒட்டி முத்திரை வைத்திருப்பார்கள். அதை அறுத்துத் திறக்கும் விருந்துக்குக் ‘குச்சிகிரி’ என்று பெயர்.

உராசென்கே, ஒமோதெசென்கே – ரெண்டும் சண்டை போட்டுப் பிரிஞ்சதா?

இல்லை, பாகப்பிரிவினை. ரிக்யூவின் பேரன் சென் சோதானுக்கு (1578–1658) நான்கு மகன்கள். மூத்தவரோடு ஒத்துவரவில்லை. முன்வீடு மூன்றாமவர் சோசாவுக்கு, அது ‘முன்பக்கத்து சென் வீடு’, ஒமோதெசென்கே. சோதான் பின்னால் சிறிய வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கினார். அது கடைசி மகன் சோஷித்சுவுக்கு, ‘பின்பக்கத்து’ உராசென்கே. இரண்டாமவர் சோஷு, தத்துப் போயிருந்த அரக்குவேலை வீட்டிலிருந்து திரும்பிவந்து தொடங்கியது முஷாகோஜிசென்கே, தெருவின் பெயரால். மூன்று வீடுகளும் இன்றும் கியோட்டோவில்தான்.

ஒரே கீர்த்தனையை வேறு பாணியில் பாடுவது போலத்தான் வித்தியாசம். உராசென்கேயில் மேலெல்லாம் நுரை ததும்ப அடிப்போம். ஒமோதெசென்கேயில் ஓரத்தில் பிறை மாதிரி ஓர் இடம் நுரையில்லாமல் விடுவார்கள். நாங்கள் பயன்படுத்தும் மத்து வெள்ளை மூங்கில், அவர்களுடையது புகையேறிய பழுப்பு மூங்கில். ரிக்யூ வழி அல்லாத மரபுகளும் உண்டு, பிரபுக்கள் வளர்த்த எந்ஷு, செகிஷு போன்றவை.

கிண்ணத்தை எத்தனை தடவை சுத்தணும்? தப்பா சுத்தினா அவமானமா?

இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் கடிகாரத் திசையில் இரண்டு முறை சிறிதாகத் திருப்புவோம். கிண்ணத்துக்கு ‘ஷோமென்’ என்ற முகப்பு உண்டு. பரிமாறுபவர் அழகான அந்தப் பக்கத்தை உங்களைப் பார்க்க வைக்கிறார். அதில் வாய்வைக்காமல் ஒதுங்குவது நீங்கள் காட்டும் மரியாதை. அவ்வளவுதான். விருந்தினர் தப்பாகச் சுற்றினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். குடிக்குமுன் பக்கத்திலிருப்பவரிடம் ‘ஒசாகி நி’ (உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்) என்று சொல்ல மறந்தால்தான் கொஞ்சம் சங்கடம்.

கெட்டி டீயை எல்லாரும் ஒரே கிண்ணத்துல குடிக்கறதா? எச்சில் ஆச்சே!

நம் ஆட்கள் முகம் சுளிக்கும் இடம் இது. ஆமாம், ஒருவர் சில மடக்கு குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவருக்குத் தருவார். ஜப்பானியருக்கும் தயக்கம் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உராசென்கே தலைவர் என்னோசாய், ஆளுக்கொரு கிண்ணமாகக் கொடுக்கும் முறையை அமைத்துவைத்தார். கொரோனா காலத்தில் பல இடங்களில் அதுவே கைகொடுத்தது.

வாபி-சாபின்னா உடைஞ்சது, பழசுதானே? நான் கூட ஆன்லைன்ல ஒரு கீறல் கிண்ணம் வாங்கினேன்.

வாங்கியதில் தவறில்லை. ஆனால் ஜுகோ (ரிக்யூ பற்றிய பதிலில் வந்தவர்) தன் மாணவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் திட்டுகிறார். கற்றுக்குட்டிகள் பிஜெனையும் ஷிகராகியையும் வாங்கிவைத்துக்கொண்டு, தாங்கள் கனிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வது பொறுக்க முடியவில்லை என்கிறார். நல்லவற்றைப் பார்த்து, பயன்படுத்தி, அதன் பிறகு எளிமைக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. ‘வாபி’ என்பது போதாமையில் நிறைவாக இருப்பது, ‘சாபி’ காலத்தால் படிந்த சாயல். கடையில் புதிதாகக் கீறி விற்பது இரண்டிலும் சேராது.

ரிக்யூ காலத்தில்தான் ஹிதெயோஷி தங்கத்தகடு பதித்த, கழற்றி மாட்டக்கூடிய தேநீர் அறை செய்து 1586-ல் அரண்மனைக்கே கொண்டுபோனார். அதில் ரிக்யூவுக்கும் கை இருந்தது என்று நினைக்கும் அறிஞர்கள் உண்டு. மண்சுவர் அறையும் தங்க அறையும் ஒரே ஆளின் காலத்தில், ஒரே வட்டத்தில் இருந்தவை.

‘இச்சிகோ இச்சிஎ’ ரிக்யூ சொன்னதுதானே?

‘வாழ்நாளில் ஒரே சந்திப்பு’ என்ற அந்த நான்கெழுத்துத் தொடரைப் பரப்பியவர் ஈ நாஓசுகெ. 19-ஆம் நூற்றாண்டில் ஷோகன் அரசின் தலைமை அமைச்சர், தேநீர் பற்றி நூல் எழுதியவர். 1860-ல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டையின் சாகுராதா வாயிலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கருத்துக்கு வேர், ரிக்யூவின் மாணவர் யமானோஉஎ சோஜி எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது. அந்த சோஜியும் 1590-ல் ஹிதெயோஷியால் கொல்லப்பட்டவர்தான். ‘வா, கெய், செய், ஜாகு’ (இசைவு, மதிப்பு, தூய்மை, அமைதி) என்ற நான்கும் ரிக்யூ பெயரில்தான் உலவுகிறது. அவர் காலத்து ஆவணம் எதிலும் அது அப்படியே கிடைப்பதில்லை.

இது பொம்பளைங்க கலைதானே? நீங்க ஆம்பளை எப்படிப் போறீங்க?

மேலே வந்த பெயர்களைத் திரும்பப் பாருங்கள், அத்தனை பேரும் ஆண்கள். 1868-ல் ஷோகன் ஆட்சி போனபிறகு பிரபுக்களின் ஆதரவு அற்றுப்போய் தேநீர் வீடுகள் வருமானமின்றித் தவித்தன. அப்போது பெண்கள் பள்ளிகளில் நடத்தை, ஒழுங்கு பாடத்தின் பகுதியாக இது நுழைந்தது. இன்று மாணவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூன்று சென் வீடுகளின் தலைவர்கள் மட்டும் இன்னும் ஆண்கள். அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

எனக்கு முட்டி வலி. தரையில உட்கார முடியாது. வரலாமா?

தாராளமாக. 1872 கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக உராசென்கே தலைவர் கென்கென்சாய் மேசை, முக்காலியோடு ‘ர்யூரெய்’ முறையை உருவாக்கினார். அதுவும் முறையான தெமாஎதான், சலுகை அல்ல.

வீட்டுலயே போட்டுப் பார்க்க என்னென்ன வாங்கணும்?

‘சாசென்’ என்ற மூங்கில் மத்து ஒன்று, மாட்சா, சின்னச் சல்லடை. கெட்டில், அரக்குச் சிமிழ், பட்டுத் துணி எதுவும் இப்போது வேண்டாம். கிண்ணத்துக்கு வாய் அகன்ற சூப் கிண்ணமே போதும். சாசென் ஒரே மூங்கில் துண்டைக் கீறிச் செய்வது. ஜப்பானில் செய்வதில் பெரும்பகுதி நாரா அருகே தாகாயாமா என்ற ஊரில். முதலில் அதை வெந்நீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பிகள் ஒடியும். பொடியைச் சலித்து 2 கிராம் போட்டு, கொதித்து 80 டிகிரிக்கு ஆறிய தண்ணீர் 70 மில்லி ஊற்றி, மணிக்கட்டால் முன்னும் பின்னுமாக வேகமாக அடியுங்கள். கலக்கினால் நுரை வராது.

மத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், தண்ணீர் போதும். திறந்த மாட்சாவைக் காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும்.